நாற்காலி திரும்பியிருந்த நான்கு ஆண்டுகள்

அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஓசூர் இல்லாமல் போய்விடும். முதலில் லாரிகளின் ஹாரன் போகும். பிறகு பக்கத்து லேத் பட்டறை. பிறகு வராந்தாவில் காத்திருப்பவர்களின் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றன்பின் ஒன்றாக அணையும். கடைசியில் காதுக்குள் ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் மிஞ்சும். அது வெளியிலிருந்து வருவதில்லை, நம் ரத்தம் ஓடும் சத்தம் என்று பவளம் சொல்வாள்.

அறை ஆறடிக்கு நாலடி. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒயரில் தொங்கும் ஒரு பொத்தான், ஒரு கண்ணாடி ஜன்னல். கண்ணாடிக்கு அப்பால் மெஷினுடன் பவளம். தொழிற்சாலை ஆட்களின் காதைப் பரிசோதிப்பது அவள் வேலை. அவர்களுக்கு அவள் காதக்கா. பதினாறு ஆண்டுகள் செய்தாள்.

ஊத்தங்கரைக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவள். தர்மபுரியில் நர்ஸ் படிப்பு. கல்யாணமாகி ஓசூர் வந்து, டாக்டர் குருமூர்த்தியின் கிளினிக்கில் ஊசி போடச் சேர்ந்தாள். சிப்காட் தொழிற்சாலை ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை தன் ஆட்களைப் பரிசோதனைக்கு அனுப்பத் தொடங்கியபோது டாக்டர் இந்த அறையைக் கட்டினார். பெங்களூரில் பத்து நாள் பயிற்சிக்குப் பவளத்தை அனுப்பினார். அங்கே இரண்டு விஷயங்களை அடித்துச் சொன்னார்கள். நாற்காலி பக்கவாட்டில் இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. கேட்டதை எழுதுங்கள், கேட்டிருக்கும் என்று எழுதாதீர்கள்.

வேலை எளிது. தாழ்ந்த சுருதியிலிருந்து கீச்சென்ற சுருதி வரை, ஒவ்வொன்றாக மெஷினில் சத்தம் அனுப்ப வேண்டும். உள்ளே இருப்பவருக்குக் கேட்டால் பொத்தானை அமுக்குவார், மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரியும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். விளக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே ஒரு குறி. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. குறிகளைக் கோட்டால் சேர்த்தால் காது ஒரு படமாகக் காகிதத்தில் கிடக்கும். இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பில் நெடுநாள் நிற்பவர்களின் கோடு, நாலாயிரம் என்று எழுதியிருக்கும் கீச்சுச் சுருதியின் இடத்தில் மட்டும் கீழே இறங்கி மறுபடி ஏறும். அதற்குப் பள்ளம் என்று பெயர். பறவை, கொலுசு, குழந்தையின் குரலில் இருக்கும் மெல்லிய எழுத்துகள், இவையெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. முதலில் தொலைவது அவைதான். தொலைத்தவருக்குத் தெரியாது. ஊர் கொஞ்சம் அமைதியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

பவளத்திடம் ஒரே வாக்கியம் மூன்று மொழிகளில் இருந்தது. சத்தம் கேட்டா அமுக்குங்க. சத்து கேளித்ரெ ஒத்தி. சப்தம் வினிபிஸ்தே நொக்கண்டி. பாகலூர்க்காரர்களிடம் மூன்றையும் கலந்து சொல்வாள், அவர்களும் கலந்தே தலையாட்டுவார்கள். மதியச் சாப்பாட்டை அந்த அறைக்குள் உட்கார்ந்து சாப்பிடுவாள். தன் பல் மெல்லுவது தனக்குக் கேட்கும் இடம் ஓசூரில் அது ஒன்றுதான் என்பாள். சில நாள் சாப்பிட்டு முடித்து அப்படியே கண்ணை மூடிக்கொள்வாள். கிணற்றுக்கு அடியில், தண்ணீருக்குள் மூச்சு முட்டாமல் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்று மகள் அருணாவிடம் ஒருமுறை சொன்னாள்.

2019இல் வடக்கிலிருந்து புதிய ஆட்கள் வந்தார்கள். பவளத்தின் மூன்று மொழியும் அவர்களுக்கு ஆகவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதற்கு வந்தோம் என்று புரியாமல், பொத்தானைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பவளம் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். சத்தம் அனுப்பிவிட்டு, இப்போது அமுக்கு என்று தலையசைத்துக் காட்டினாள். ஒருவன் அமுக்கினான். விளக்கு எரிந்தது. இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அவர்களும் வேலை பழகினார்கள், தமிழும் கொஞ்சம் பழகினார்கள். திருப்பிய நாற்காலியைப் பவளம் மறுபடி திருப்பவில்லை. எதிரே மனித முகம் தெரிவது அவளுக்குப் பிடித்திருந்தது.

2023 கார்த்திகையில் பாகலூர் முனிராஜ் கிளினிக்குக்கு வந்தான். பிரஸ் ஷாப்பில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். முந்தின வாரம் பரிசோதனை முடிந்து, எல்லாம் சரி என்று எழுதிய தாளை வாங்கிப் போக வந்திருந்தான். வராந்தாவில் அவளுக்கு முதுகு காட்டி நின்று, வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பவளம் கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னும் இருமுறை கூப்பிட்டாள். மரத்தில் ஏதோ குருவி கத்திக்கொண்டிருந்தது. அவன் மரத்தை, கண்ணாடிக்குள் இருக்கும் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள்.

"எப்பக்கா வந்தீங்க?"

"மூணு தடவ கூப்ட்டன் முனிராஜு."

"பஸ் சத்தத்துல கேக்கலக்கா."

பஸ் ஒன்றும் போகவில்லை. பவளம் அவனை அறைக்குள் அழைத்துப் போனாள்.

"போன வாரந்தான பாத்தீங்க? பாஸ் போட்டீங்களே."

"சும்மா உக்காரு."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். வெளியே வந்து நாலாயிரத்தை அனுப்பினாள். விளக்கு எரியவில்லை. கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டினாள். வராந்தாவில் இருப்பவர்களுக்கே கேட்டுவிடும் என்று சொல்லும் அளவுக்கு வைத்த பிறகுதான் பச்சை எரிந்தது. அந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டாள். தாளில் வெகு கீழே, கைவிட்ட கிணற்றில் கிடக்கும் வாளிபோல இருந்தது அது.

கதவைத் திறந்தாள். "போன வாரம் எப்படி அமுக்குன?"

முனிராஜ் சிரித்தான். "நீங்க தலையாட்டுனா அமுக்குவன்."

"நான் எங்க ஆட்டுனன்?"

"என்னக்கா, வெளையாடறீங்களா? லேசா, இப்டி." தாடையை ஒரு நூல் அளவு இறக்கிக் காட்டினான். "பிரஸ் ஷாப்புல எல்லாருக்கும் தெரியும். புதுசா வர்றவனுக்குச் சொல்லித்தான் அனுப்புவோம். காதக்கா தங்கமானவங்க, யாரையும் பெயிலாக்க மாட்டாங்க, மூஞ்சியப் பாத்து அமுக்கிட்டு வாடான்னு."

பவளம் தாளில் இருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். அவனே தொடர்ந்தான். "தெரியாமயா செஞ்சீங்க? நாங்க எல்லாம் நீங்க எங்களுக்காகச் செய்றீங்கன்னுதான் நெனச்சோம்." சற்று நேரம் பொத்தானை உருட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு ஒண்ணும் கொறையில்லக்கா. எம்பொண்ணு பேசறது மட்டும் சரியா வெளங்க மாட்டேங்குது. யுகேஜி படிக்குது. வாய் அசையுது. தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குது."

அன்று மாலை பவளம் வீட்டில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அருணா வேலையிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைகளின் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்று தரும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை.

"ஒரு கருவி தப்பா அளக்குதுன்னு கண்டுபுடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று பவளம் கேட்டாள்.

"சரி பண்ணுவோம்."

"அதுக்கு முன்னாடி அதுல அளந்ததெல்லாம்?"

"கடைசியா அது சரியா இருந்த தேதி வரைக்கும் பின்னாடி போவோம். அதுக்கப்புறம் அளந்த எல்லாத்தையும் திருப்பிக் கூப்பிடணும். ஒண்ணு விடாம."

"ஒண்ணு விடாமயா?"

"அதான் ரூல்." அருணா போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எதற்குக் கேட்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை பவளம் டாக்டரிடம் போனாள். குருமூர்த்திக்கு அறுபத்தாறு வயது. நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா. இனிமே நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கோ."

"பழசு?"

"பழசு பழசுதான். நாலு வருசத்து ரிப்போர்ட்டைக் கிளறினா பேக்டரிக்காரன் நாளைக்கே வேற கிளினிக்குக்குப் போயிடுவான். நீ வேணும்னு செய்யல. லேசா ஒரு தலையசைப்பு. அதுல என்ன பெருசா மாறிடப் போகுது?"

பவளம் யோசித்தாள். "ஒரு நிமிசம் உள்ள வந்து உக்காருங்க சார்."

நாற்காலியை மறுபடி கண்ணாடிப் பக்கம் திருப்பிப் போட்டாள். டாக்டர் உட்கார்ந்தார். பவளம் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, அதன் ஒயரை அறைச் சுவரில் இருந்த இணைப்பிலிருந்து பிடுங்கினாள். அவருக்குத் தெரியும்படியே பிடுங்கி, தரையில் போட்டாள்.

"இதுல ஒண்ணும் கேக்காது சார். என்னப் பாத்து அமுக்குங்க. நான் ஆட்டாம இருக்கப் பாக்கறன்."

கதவைச் சாத்தினாள். மெஷின் முன்னால் உட்கார்ந்து, கழுத்தை விறைத்துக்கொண்டு சத்தம் அனுப்பினாள். பச்சை எரிந்தது. குறைத்தாள். எரிந்தது. தாடையை இறுக்கிக்கொண்டு அனுப்பினாள். எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் ஒரு மீன்போல அசையாமல் இருந்தார். விரல் மட்டும் அசைந்தது. அவள் உடம்பில் எந்த இடம் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கண் இமையோ, தோளோ, மூச்சோ. எட்டுச் சத்தங்கள் முடிந்தன. குறிகளைக் கோட்டால் சேர்த்தாள். தாளின் உச்சியில் நேராக ஓடியது கோடு. பிறந்த குழந்தையின் காது அப்படித்தான் இருக்கும்.

டாக்டர் வெளியே வந்து தாளை நெடுநேரம் பார்த்தார்.

"அறுபத்தாறு வயசுல எனக்கு இப்படி ஒரு காது" என்றார்.

சாயங்காலம் தொழிற்சாலைக்கு அனுப்ப ஒரு கடிதத்தை எழுதி வந்து காட்டினார். தொழில்நுட்பக் காரணங்களால் 2019 முதலான செவிப் பரிசோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்று இருந்தது.

"எந்தத் தொழில்நுட்பம் சார்?" என்றாள் பவளம். "மெசின் மேல பழியப் போட வேண்டாம். அது பாவம், சரியாத்தான் கத்துச்சு."

"உன் பேரு கெடும் பவளம். அதுக்காகத்தான்."

"என் பேருல நல்ல பேரு எது சார்? தங்கமானவங்கன்னு சொல்றாங்களே, அதுவே தப்புல வந்ததுதான."

டாக்டர் அந்த வரியை அடித்தார். பரிசோதகரின் முகம் தெரியும்படி நாற்காலி போடப்பட்டிருந்தது, முடிவுகளை நம்ப முடியாது, தவறு எங்களுடையது என்று எழுதினார். பவளம் "எங்களுடையது" என்பதில் விரலை வைத்தாள். டாக்டர் அவள் விரலை மெதுவாக நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "என் கையெழுத்தும் நாலு வருசம் அதுல இருக்குதும்மா."

அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இன்னும் வேலையில் இருந்தவர்கள் முந்நூற்றுப் பதினேழு பேர். தொழிற்சாலை இரண்டு மாதம் யோசித்துவிட்டு ஆட்களை அனுப்பியது. அடுத்த ஆண்டிலிருந்து வேறு கிளினிக்கைப் பார்த்துக்கொண்டது. வந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் சண்டை போட்டார்கள்.

"நாலு வருசம் பாஸ், இப்ப பெயிலா? எங்க காது என்ன உங்க வெளையாட்டுச் சாமானா?" என்று உஸ்மான் கேட்டான். ஊத்தங்கரை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. சொந்த ஊர்க்காரன் என்று அதுவரை பவளத்திடம் பிரியமாக இருந்தவன். அவன் பொத்தானைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய், மூன்றாம் நாள் தானாக வந்து உட்கார்ந்தான். "தலையாட்டியக்கா, ஆரம்பிங்க" என்றான். அதன்பின் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

பவளம் இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஆள் ஒரு சுவரைப் பார்த்திருப்பார், அவள் ஒரு சுவரைப் பார்த்திருப்பாள், நடுவில் மெல்லிய சத்தம் போய்க்கொண்டிருக்கும். விளக்கு எரியாத நேரங்களில் அறை முழுவதும் காத்திருக்கும். அறுபத்து நான்கு பேருக்குப் பள்ளம் இருந்தது. போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொன்னாள். டாக்டர் எழுதிக்கொடுக்க, அவர்களைப் பிரஸ் ஷாப்பிலிருந்து மாற்றினார்கள். முனிராஜ் பண்டகசாலைக்குப் போனான். மகள் பேசும்போது எதிரே உட்கார்ந்து உதட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டான்.

வேலையை விட்டுப் போனவர்கள் இன்னும் முப்பத்தாறு பேர். அவர்களைத் தொழிற்சாலை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பவளம் எடுத்துக்கொண்டாள். வடக்கே போனவர்களுக்குப் போன் செய்து, தான் தப்பாகப் பார்த்துவிட்டதாகவும் அங்கே யாரிடமாவது காட்டும்படியும் சொன்னாள். அதற்குள் அவளுக்குக் கொஞ்சம் இந்தி வந்திருந்தது. பக்கத்து ஊர்க்காரர்களிடம் டாக்டரின் சிறிய மெஷினை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போனாள். ராயக்கோட்டை, சூளகிரி, போச்சம்பள்ளி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. இதய டாக்டரிடம் போகலாம் என்று அருணா சொல்லும்போதெல்லாம், இன்னும் நாலு பேர், இன்னும் மூணு பேர் என்றாள்.

கடைசி ஆள் திம்மராயன். போன் இல்லை. பாரூரில் அண்ணனோடு விவசாயம் பார்க்கிறான் என்று மட்டும் தெரிந்தது. பங்குனியில் ஒருநாள் கிளம்பினார்கள். மெஷின் பையை அருணா தூக்கிக்கொண்டாள். தன் கூடத்திலிருந்து சத்தம் அளக்கும் மீட்டர் ஒன்றையும் எடுத்து வந்திருந்தாள். அது பவளத்தின் கடைசி வெளியூர்ப் பயணம். ஆடி பிறப்பதற்குள் இறந்துபோனாள்.

பஸ் ஏரிக்கரையில் திரும்பியபோது தண்ணீர் வெயிலில் அசையாமல் கிடந்தது. பவளம் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். நடுவில் விரல் மட்டும் ஒருமுறை எதையோ அமுக்கியது.

திம்மராயன் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் இருந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். பின்னாலிருந்து அண்ணன் கூப்பிட்டது கேட்காமல், வரப்பில் இவர்களின் நிழல் விழுந்த பிறகுதான் திரும்பினான்.

"அட, காதக்கா" என்றான். புதுப் பெயர் அவனை வந்து சேரவில்லை.

பவளம் வந்த காரியத்தைச் சொன்னாள். அவன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுக்கா இவ்ளோ தூரம்? நான் வேலைய வுட்டே ரெண்டு வருசமாச்சேக்கா."

"உனக்கு நான் குடுத்த தாளு தப்பு. சரியான தாளு குடுக்கணும்."

அமைதியான இடம் வேண்டும். வீட்டில் டிவி, வெளியே கால்வாய்த் தண்ணீர், மோட்டார். அருணா மீட்டரை நீட்டிக்கொண்டு நடந்தாள். எண் எங்கும் இறங்கவில்லை. களத்து மேட்டில் இரண்டு வைக்கோல் போர்கள் நெருக்கமாக நின்றன. நடுவில் மூவர் உட்காரும் இடைவெளி. அருணா உள்ளே நுழைந்ததும் எண் இறங்கியது. மோட்டார் போனது. தண்ணீர் போனது. வைக்கோல் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டது. கிளினிக் அறைபோலவே இருந்தது, பொன்னிறமாக, மேலே திறந்து.

ஆனால் களத்து ஓரப் புளியமரத்தில் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன. மீட்டர் அவற்றை விடாமல் காட்டியது. "இது நிக்கற வரைக்கும் பாக்க முடியாதும்மா" என்றாள் அருணா.

மூவரும் வைக்கோலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். திம்மராயன் எதற்குக் காத்திருக்கிறோம் என்று கேட்கவில்லை. நேரம் போவது தெரியாமல் போனது. பவளத்தின் தலைமுடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. தாயும் மகளும் அவ்வளவு நேரம் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருந்தது அதற்கு முன் எப்போது என்று சொல்ல முடியாது. பிறகு, யாரோ சொல்லி வைத்தாற்போல வண்டுகள் நின்றன. மீட்டரில் எண் விழுந்தது.

பவளம் திம்மராயனை ஒரு போரைப் பார்த்து உட்கார வைத்தாள். தான் அவனுக்கு முதுகு காட்டி மற்றதைப் பார்த்து உட்கார்ந்தாள். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அனுப்பினாள். தாழ்ந்த சுருதிச் சத்தங்களுக்கு விளக்கு எரிந்தது. நாலாயிரம் வந்தது. அனுப்பினாள். காத்திருந்தாள். கூட்டினாள். காத்திருந்தாள். அவள் கழுத்து நேராக இருந்தது. அருணா அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷினின் கடைசி அளவு வரை விளக்கு எரியவில்லை. பவளம் தாளில் குறி போட்டு, அதன் கீழே ஒரு அம்பு வரைந்தாள். இந்த அளவில் பதில் இல்லை என்று அதற்குப் பொருள்.

திரும்பி அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தாளைக் காட்டி, மெதுவாக, வாய் நன்றாகத் தெரியும்படி சொன்னாள். "இந்த எடம் ரெண்டு காதுலயும் இல்ல தம்பி. 2020லயே கொஞ்சம் போயிருக்கும். அப்பவே நான் சரியாப் பாத்திருந்தா ஒன்ன வேற எடத்துக்கு மாத்தியிருப்பாங்க. இவ்ளோ போயிருக்காது. என் தப்பு."

திம்மராயன் தாளைப் பார்த்தான். கோடு இறங்கும் இடத்தை விரலால் தடவினான். கோபம் வரும் என்று அருணா நினைத்தாள். அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"அந்த எடத்துல என்னக்கா சத்தமெல்லாம் வரும்?"

பவளம் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது புளியமரத்தில் ஒரு வண்டு தொடங்கியது. இன்னொன்று சேர்ந்தது. மரம் முழுவதும் சேர்ந்துகொண்டது. அருணாவின் கையில் இருந்த மீட்டரில் எண் ஏறியது. அவள் அதை நிறுத்தி மடியில் வைத்தாள்.

"சில்வண்டு" என்றாள் பவளம்.

அவன் முகம் மாறியது. புளியமரத்தை அண்ணாந்து பார்த்தான். "வெயில் காலம் வந்தும் இதுங்கள காணமே, மருந்தடிச்சு அடிச்சு செத்துப்போச்சுபோலன்னு நெனச்சிருந்தன்." மறுபடி பவளத்தின் பக்கம் திரும்பினான். "இப்ப கத்துதாக்கா?"

பவளம் அவன் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வண்டுகள் நின்றன. அவளுடைய தலை நின்றது. மறுபடி தொடங்கின. மறுபடி அசைத்தாள். திம்மராயன் வைக்கோலில் சாய்ந்துகொண்டு, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். கிருஷ்ணகிரிக்குக் கடைசிக்கு முந்தின பஸ் போகும் நேரம் வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.